கூட வந்த மாமா

— அந்த முளையை இன்னும் கொஞ்சம் சாய்ச்சு அடிக்கணும். நேரா அடிச்சா காத்து பிடுங்கிக்கிட்டுப் போயிரும். நீ கயித்தை இழுத்துப் பிடி.

— பிடிச்சுக்கிட்டுதாங்க இருக்கேன். அதுக்குள்ள டென்ட்டை எழுப்பிட்டீங்களே! அந்தப் பக்கம் பாருங்க, மதியத்துல இருந்து மல்லுக்கட்டறாங்க, இன்னும் துணி தரையிலயே கிடக்குது.

— நான் வருஷம் பூரா இதுக்குள்ளதானே கிடக்கறேன். குழாய் எங்க போகுதோ அங்க கூடாரத்தைப் பிரிச்சுத் தூக்கிக்கிட்டு நாங்களும் போகணும். வெல்டருக்கு ஏது வீடு?

— அப்புறம் லீவுலயும் எதுக்கு டென்ட்டு? அவனவன் பொண்டாட்டி பிள்ளையோட மலைக்கு வந்தா ஓட்டல்ல ரூம் போடறான்.

— நீங்க மூணு பேரும் ஒருநாளாவது என்கூட இப்படி இருக்கணும்னு ஆசை. அங்க படுத்துக்கிட்டு இதையேதான் நினைச்சுக்கிட்டிருப்பேன். சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்? குட்டி! அங்க எதுக்குத் தனியா நிக்கற? இங்க வா. அப்பாவுக்கு அந்தச் சுத்தியலை எடுத்துக் குடு.

— நீயே குடும்மா.

— குட்டிமா, உள்ள வந்து பாரேன். மெத்தை இருக்கு, போர்வை இருக்கு, உனக்குன்னு ஒரு சின்ன விளக்குகூட இருக்கு. தூக்கி விடட்டுமா?

— வேணாம் மாமா. நான் வெளியவே இருக்கேன்.

— ஏய்! மாமா இல்லடி, அப்பா. எத்தனை தடவை சொல்றது உனக்கு?

— குழந்தையைத் திட்டாத.

— எனக்கே எரிச்சலா வருதுங்க. நீங்க வந்ததுல இருந்து இதே பாட்டுதான். பெரியவனைப் பாருங்க, ஏர்போர்ட்ல ஏறினவன் உங்க முதுகை விட்டு இறங்கல. களைச்சுப்போய் கார்ல தூங்கறான், அதனாலதான் இப்ப நிமிர்ந்து நிக்கறீங்க.

— அவனுக்கு விவரம் தெரியறப்ப நான் வீட்டுல இருந்தேன். இவ பிறக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன். நடுவுல ஒருதடவை வந்தப்ப தவழ்ந்துக்கிட்டிருந்தா. அவளைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

— தினம் பேசறவதானே? சாயங்காலம் சாப்பாட்டுக்கு உக்காந்தா சர்க்கரை டப்பாவுல போனைச் சாத்தி வச்சு, அப்பாகூட சாப்பிடுன்னு சொல்லிச் சொல்லித்தான் வளத்தேன். உங்களுக்கு ஒரு வாய் ஊட்டாம அவ வாயில வைக்க மாட்டா. போன் பூரா சோறு.

— அதுலதான் கோட்டை விட்டுட்டோம். அவ அப்பா அந்த டப்பா மேல இருக்கான். நான் யாரோ.

— வாயைக் கழுவுங்க. யாரோவாம்!

— அம்மா, போன் குடு.

— இப்ப எதுக்கு?

— அப்பாகிட்ட சொல்லணும். நாம மலைக்கு வந்திருக்கோம்னு.

— அப்பா இதோ உன் கண்ணு முன்னாடி நிக்கறாரே, செல்லம்!

— இவரு மாமா. அப்பா மஞ்சத் தொப்பி போட்டிருப்பாரு.

— அது வேலைக்குப் போடற தொப்பிடா. வீட்டுக்கு வந்தா கழட்டி வச்சிருவேன்ல?

— எங்க அப்பா கழட்டவே மாட்டாரு.

— சரி, சரி. அழாத. போய் அந்தக் கல்லு மேல உக்காரு, அம்மா போன் கொண்டு வருவா.

— நீங்க ஏங்க அவ இஷ்டத்துக்கு ஆடறீங்க?

— நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படக் கூடாது. டிக்கெட்டை மாத்திக்கிட்டு சீக்கிரமே கிளம்பிடலாம்னு பாக்கறேன்.

— என்னது? இனிமே போகவே மாட்டேன், நம்ம தெரு முனைப் பட்டறையிலயே சேந்துக்கறேன்னு சொன்னது யாரு?

— சொன்னேன்தான். அங்க இருந்தாலாவது சாயங்காலம் ஆனா எனக்கு ஒரு வாய் ஊட்டுவா. இங்க நான் பக்கத்துல உக்காந்தா தட்டைத் தூக்கிக்கிட்டு எழுந்து போறா. அத்தனை வருஷம் ஒத்தையில கிடந்தேன், இந்த மாதிரி ஒருநாளும் இருந்ததில்ல. நெஞ்செல்லாம் காலியா இருக்கு.

— அப்ப நான்? பிள்ளைங்களுக்கு டப்பாவுல சாத்தி வச்சு அப்பனைக் காட்டினேன். எனக்கு யாரு என்ன காட்டினாங்க? அவங்க தூங்கினதும் செவுத்தோட பேசிக்கிட்டிருந்தவ நான்.

— அழாத. குழந்தை பாக்கறா.

— பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்.

— அம்மா, போன்!

— நீ போய் குடு. நான் காருக்குப் பின்னாடி நின்னு கூப்பிடறேன். முகம் வேணாம், குரல் மட்டும் போதும். சிக்னல் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்.

— என்னங்க இது கூத்து?

— போறதுக்கு முன்னாடி அவ வாயால ஒருதடவை அப்பான்னு கேட்டுக்கறேன். விடேன்.

— இந்தாடி, அடிக்குது. உங்க அப்பாதான்.

— அப்பா! மூஞ்சியே தெரியலயே!

— சிக்னல் சரியில்லடா தங்கம். சாப்பிட்டியா?

— ம். நீ சாப்பிட்டியா? இங்க ஊஊன்னு காத்தடிக்குதுப்பா. டென்ட்டு ஆடுது, ஆனா விழாது. மாமா நல்லா கட்டியிருக்காரு.

— எந்த மாமா?

— புதுசா நம்ம வீட்டுக்கு வந்திருக்காரே, அவரு. அண்ணனைத் தூக்கிக்கிட்டே மலை உச்சி வரைக்கும் ஏறிட்டு வந்தாரு. என்னையும் தூக்கறேன்னாரு. நான் மாட்டேன்னுட்டேன்.

— ஏன்டா? அவரைப் பிடிக்கலையா?

— பிடிக்கும். ஆனா நீ கோச்சுக்குவியே.

— நான் ஏன் கோச்சுக்கப் போறேன்?

— அம்மா அவரைப் போய் அப்பான்னு கூப்பிடச் சொல்றாப்பா. திட்டறா. நான் கூப்பிடவே இல்ல, தெரியுமா? நீதான் எங்க அப்பா. அப்பா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். இருக்கேன்டா.

— அவரு பாவம்ப்பா. நான் பேசலன்னா முகத்தைத் திருப்பிக்கிட்டு கண்ணைத் துடைச்சுக்கறாரு. நீ வந்ததும் அவரைப் போகச் சொல்லிடாதப்பா, அவரும் நம்மகூடவே இருக்கட்டும்.