பத்துக்கு எத்தனை துக்கம்?

காலை பத்து மணிக்கு, அடையாறிலிருந்து மயிலாப்பூர் வரும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் காலடியில் காலி மீன் கூடை, இளையவரின் மடியில் மருந்துக்கடைக் கவர்.

“பத்துக்கு எத்தினி மார்க்கு துக்கம்னு கேக்குறாருக்கா அந்த டாக்டரு.”

என் காதில் மனநலம் பற்றிய பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு இதைக் கேட்க ஆரம்பித்தேன்.

“நீ இன்னா சொன்ன?”

“புருசனுக்குக் கருமாதி முடிஞ்சி நாலு நாள்தான் ஆவுதுன்னேன். அதெல்லாம் வாணாம், நம்பர் சொல்லும்மான்னாரு. எட்டுன்னேன். ஒடனே மாத்திர எழுதிட்டாரு.”

“ஏழுன்னு சொல்லியிருந்தா சும்மா உட்டிருப்பாரா?”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். இளையவருக்குப் பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. மூத்தவர் தன் முந்தானையை நீட்டினார்.

“தூக்கம் வரலன்னா போட்டுக்கோ, நான் வாணாங்கல. அழுவைய நிறுத்தறதுக்குன்னு போடாத. அவனுக்கு அழாம வேற யாருக்கு அழப் போற? நாளைக்கு மார்க்கெட்டுக்கு வந்துடு.”

“அழுதுகினு குந்தினா எவங்க்கா மீன் வாங்குவான்?”

“நீ பாட்டுக்கு அழு. ரெண்டு பேருக்கும் சேத்து நானே கூவறேன்.”