நாலு கிலோவுக்குள்ளே

— நெத்தியில சிலுவை போடுங்க, டோரதி மேடம். ம்... அப்படியே ரெண்டு தோளுக்கும். அல்ஹம்துலில்லாஹ். வருஷா வருஷம் நீங்க இப்படிக் கையை மடக்கிக் காட்டினாத்தான் எனக்கு நிம்மதி.

— முழங்கை மூட்டு மாத்தறதுக்கு முன்னாடி வாய்க்கே கை எட்டாது, டாக்டர். மூணு வருஷம் இவருதான் சோறு ஊட்டினாரு. மீன்ல முள்ளைக்கூடப் பார்க்காம.

— ஒரு தடவைதான் முள்ளு இருந்துச்சு. அதை விடுங்க, டாக்டர். எக்ஸ்ரே என்ன சொல்லுது?

— பதினாலு வருஷம் ஆச்சு, அற்புதசாமி சார். முடக்குவாதம் உள்ளவங்களுக்கு எலும்பு மெலிஞ்சுபோகும். இதுக்குள்ள மூட்டு ஆட்டம் கண்டு மறுபடி ஆபரேஷனுக்கு வந்தவங்க உண்டு. உங்க வீட்டம்மாவுக்கு அசையவே இல்ல. எப்படிப் பார்த்துக்கிட்டீங்க?

— ரெண்டு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. சொன்னா சொன்னதுதான்.

— தென்னூர்ல மளிகைக் கடை வச்சிருக்கிற மனுஷன்கிட்டக் கிலோக் கணக்கு சொல்லலாமா, டாக்டர்? என் ஹேண்ட்பேக், பைபிள், தோசை மாவுச் சட்டி எல்லாம் கடைத் தராசுல ஏறி இறங்கிடுச்சு. போன வாரம் என் தங்கச்சி மக ஆன்சி பெத்ததையும் விடல.

— துண்டு விரிச்சுதான் வச்சேன். மூணரை கிலோ.

— பச்சைப் பிள்ளையை எதுக்கு சார் எடை போட்டீங்க?

— ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம், டாக்டர். நான்தான் ஞானத்தாய். கோயில்ல தொட்டி முன்னால நான் ஏந்திக்கிட்டு நிக்கணும். எங்களுக்குப் பிள்ளை இல்ல. நானா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். இவரு கூடாதுங்கறாரு.

— மூட்டு கழண்டா மறுபடி நான்தானே ஊட்டணும்?

— ஊட்டுங்க. முள்ளெடுத்துட்டு.

— சார், நான் சொன்ன ரெண்டு கிலோ தினமும் தூக்கற சாமானுக்கு. எப்பவாவது ஒரு தடவை நாலு கிலோவுக்குள்ள தூக்கலாம். ரெண்டு கையிலயும் வாங்கி, நெஞ்சோட அணைச்சுக்கணும். தண்ணி ஊத்தற நேரம் மட்டும்.

— ஒரு தடவைன்னா?

— ஒரே தடவைதான். இறக்கி விட்டுட்டு அன்னிக்கே மறுபடி தூக்க வேணாம். ஒரு வாரமாவது கைக்கு ஓய்வு குடுங்க.

— ஒரு வாரம் கழிச்சு?

— இன்னொரு தடவை தூக்கினாத் தப்பில்ல. ஏன் சார் இவ்வளவு துருவிக் கேக்கறீங்க?

— ஃபாதர்கிட்டச் சொல்லணுமே, டாக்டர். பையனுக்கு இந்த ஞாயிறு. ரெட்டையாக் கூடப் பொறந்த பொண்ணுக்கு அடுத்த ஞாயிறு.