திரையில் அடைபட்ட ஓட்டை

என் பெயர் விசாலாட்சி, வயது 69, காலஞ்சென்ற வெங்கடசுப்ரமணியனின் மனைவி, கரமனை அக்ரஹாரத்தில் குடியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கைநாட்டு வைக்கிற வழக்கமில்லை, கையெழுத்துத்தான்.

எனக்கு இரண்டு மகன்கள். குடும்ப வழக்கப்படி இருவருமே மூத்த பெண்ணுக்கு என் பெயரை வைத்தார்கள். மருமகள்கள் மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால், வீட்டில் பட்டாபியின் மகள் அம்மு, வயது பதினொன்று. ஜெயந்தின் மகள் சின்னி, வயது ஏழு. இருவருக்கும் இதயத்தில் பிறவி ஓட்டை. ஒரே தனியார் ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஸ்கேன் எடுத்தோம். சின்னிக்குத்தான் உடனே அடைக்க வேண்டும் என்றார்கள்.

ஸ்கேனை வைத்துக் கம்ப்யூட்டரில் அதே போல ஓர் இதயத்தை உண்டாக்கி, அதில் மூடியைப் பொருத்தி அளவு பார்த்த பிறகே குழந்தைக்கு வைப்போம் என்று டாக்டர் சொன்னார். அதன் பிறகு 2024ஆம் வருஷம் மார்ச் 12ஆம் தேதி, சின்னிக்கு ரத்தம் எடுக்க அவள் தாய் ஆஷா உள்ளே போயிருந்தபோது, கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்யும் ஷெமி என்னிடம் குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். பெயரைச் சொன்னேன். "ஆவணி மாசம், ரோகிணி" என்றேன்.

"நட்சத்திரம் சொன்னா கம்ப்யூட்டருக்கு மனசிலாகாதே அம்மா" என்றாள். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு திரையைப் பார்த்து ஆகஸ்ட் என்று தேதியும் வருஷமும் இங்கிலீஷில் மளமளவென்று வாசித்து, "சரிதானே?" என்றாள். வருஷம் எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டால் மறுபடி சிரிப்பார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன். அம்முவும் ஆவணியில் பிறந்தவள்தான்.

அதன் பிறகு திரையில் இதயம் துடித்ததையும் மூடி கச்சிதமாக உட்கார்ந்ததையும் காட்டினார்கள். தெரு முழுக்கப் பெருமையாகச் சொன்னேன்.

14ஆம் தேதி வைத்த மூடி சின்னியின் இதயத்துக்கு மிகப் பெரிதாக இருந்து, இதயச் சுவரைக் கிழித்தது. 16ஆம் தேதி சின்னி இறந்தாள். அதன் பிறகுதான் கம்ப்யூட்டரில் இருந்தது அம்முவின் இதயம் என்று தெரிந்தது.

உறவினர் உறுதி செய்ததாக ஆஸ்பத்திரி காட்டும் கையெழுத்து என்னுடையதே. மறுக்கவில்லை. ஆனால் சின்னியின் எடை, உயரம் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. அத்தனை படித்தவர்கள் நடுவில், ஒத்துப்பார்க்க அஞ்சாம் கிளாஸ்காரி ஒருத்திதான் அகப்பட்டாளா?

உடலை வாங்கும் இடத்தில் குழந்தையின் பெயர் கேட்டார்கள். ஆஷா என் முகத்தைப் பார்த்து, "விசாலாட்சி" என்றாள். என் முன்னால் அவள் அந்தப் பெயரைச் சொன்னது அன்றுதான்.

நான் கேட்டுக்கொண்டதால் இந்த வாக்குமூலம் தமிழில் எழுதப்பட்டது. வருஷம், தேதி உட்பட எழுத்துக்கூட்டி நானே வாசித்தேன். சொன்னதெல்லாம் நடந்தது, நடந்ததில் எதையும் விடவில்லை.

(ஒப்பம்) விசாலாட்சி