மாமன் மடி

"அக்குபஞ்சர்காரம்மா காதுல ஊசி குத்துனது எனக்கு. மயங்கி விழுந்தது உங்க வீட்டுக்காரரு அண்ணி!"

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் நடுவே இருந்த பெண் சொன்னாள். இந்தப் பக்கம் அண்ணி; ஜன்னலோரம் அவளுடைய அண்ணன் தலைகுனிந்துகொண்டார்.

"நான் மாத்திரை வாங்கப் போன நேரத்துலயா? சரி பாப்பா, கொழந்தைக்குப் பாக்குற டாக்டரம்மாகிட்ட இந்த ஊசியப் பத்திச் சொன்னியா?"

"கேட்டுட்டுத்தான் அண்ணி போனேன். எங்க மருந்த நிறுத்தாத, மனசு லேசாவுதுன்னா இதையும் செஞ்சுக்கன்னாங்க. வெள்ளிக்கிழமை கருவ உள்ள வைக்கிறாங்க. போன தடவ மாதிரி ஆயிடுமோன்னு தூக்கமே இல்ல. இன்னிக்கு ஊசியோடவே தூங்கிட்டேன்."

அண்ணி புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு இவ புள்ளைய மாமன் மடியில வச்சுத்தான் காது குத்தணும். நீங்க ஊசியப் பாத்தாலே சாயிறீங்க!"

அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"புள்ள வரட்டும். கண்ண மூடிக்கிட்டு உக்காந்துக்கறேன்."

"மடி ஆடக் கூடாதுண்ணா," என்றாள் தங்கச்சி.