சம்பந்திகள் மாற்றிய டயர்

— நான் எதுக்கு சம்பந்தி காத்தைப் பிடுங்கி விடப்போறேன்? உங்களை அஞ்சரை மணி பஸ்ல ஏத்தி விட்டாத்தான் எனக்கு மூச்சே வரும்.

— நீங்க சொல்றீங்க, சம்பந்தியம்மா. யாரு கண்டா? காலையில நான் வரும்போது இந்த டயரு நல்லாத்தான் நின்னுச்சு.

— இதோ, குனிஞ்சு பாருங்க. ஆணி. என் சுண்டுவிரல் நீளம் இருக்கு. இதையும் நான்தான் அடிச்சேன்னு சொல்லுங்க.

— சரி, ஆணிதான். ஒத்துக்கிறேன். யாரையாவது கூப்பிடுவோமா?

— எதுக்கு? பன்னெண்டு வருஷம் ரொட்டி வண்டி ஓட்டினவ நான். எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என் பொண்ணை அந்த வண்டியை வச்சுத்தான் வளர்த்தேன். நாப்பது கடைக்கு ரொட்டி போடணும். நடுவுல டயர் போனா யாரைக் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறது? நீங்க முதல்ல ரோட்டுப் பக்கம் நிக்காம இப்படி வாங்க.

— வந்துட்டேன். நானும் கிரேன்ல முப்பத்தொரு வருஷம் உக்காந்தவன். தொங்குற சுமையும் தெரியும், நிக்கிற சுமையும் தெரியும்.

— அப்புறம் கார் மட்டும் ஏன் ஓட்டலை?

— ஓட்டத் தெரியும். எதிர்ல வர்றவனை நம்பத்தான் தெரியாது.

— அது சரி. நல்லவேளை, ஓரத்துப் பக்க டயரு போச்சு. அந்தப் பக்கம்னா லாரிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். நாலு விளக்கும் மினுக்குதா?

— மூணு மினுக்குது. நாலாவது இங்கேருந்து தெரியலை.

— நடந்து போய்ப் பாருங்க. அப்படியே இந்தச் சிவப்பு முக்கோணத்தைப் பின்னால நூறு தப்படி தள்ளி வச்சுட்டு வாங்க. வளைவு இருக்கு.

— நாலும் மினுக்குது. முக்கோணமும் வச்சாச்சு. நூத்திப் பத்து தப்படி.

— நான் நூறுதானே சொன்னேன்?

— என் தப்படி சின்னதா இருந்தா? யாரு கண்டா?

— உங்களோட எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ அந்தம்மா. ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியர்லயும் விட்டாச்சு. எதிர் மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல் வைங்க.

— ரெண்டு வைக்கிறேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. பிரேக்கு மனுஷன் செஞ்சது. கல்லு அப்படி இல்லை.

— வைங்க, வைங்க. மலையையே வேணாலும் கொண்டாந்து வைங்க. ஜாக்கியை எடுங்க.

— தூக்குறதுக்கு முன்னாடி நட்டை இளக்க வேணாமா?

— இளக்கத்தான் போறேன். ஜாக்கி பக்கத்துல இருக்கட்டும்னுதானே கேட்டேன்? என்ன, பரீட்சை வைக்கிறீங்களா? வீட்டுலயும் வந்ததுலேருந்து அதைத்தான் பண்ணீங்க. பெட்டியை யாரு கட்டினது, எப்பக் கட்டினது...

— கேட்டேன்தான். மருமகப் பாப்பா தானா கட்டினாளா, நீங்க கட்டச் சொன்னீங்களான்னு. இன்னும் பதில் வரலை.

— தானாத்தான் கட்டினா. போதுமா? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு உங்க பையன் வர்றார். என் பொண்ணு அவர்கூடக் கிளம்புறா. அனுப்புறேன்னு சொன்னா அனுப்புவேன். நீங்க முந்திக்கிட்டு வந்து வேவு பார்த்திருக்க வேண்டாம். ஸ்பேனர்!

— இந்தாங்க. காலால மிதிச்சு இளக்குங்க. கையால இழுத்தா இடுப்பு போயிடும்.

— எனக்குத் தெரியும். ஒண்ணு இளகிருச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி என் பொண்ணு ஒரு பக்கத்துக் காது வீங்கி வந்து நின்னா. கூப்பிட்டா திரும்பிப் பார்க்கலை. கோவத்துல இருக்கான்னு நெனச்சேன். கேக்கலைங்கிறது அப்புறம்தான் தெரிஞ்சது. ரெண்டு. அன்னிக்கு உங்க வீட்டுலேருந்து ஒரு ஆள் வரலை. மூணு. இன்னிக்கு மட்டும் பெட்டி மேல அக்கறை!

— அன்னிக்கு நான் வந்திருக்கணும். வரலை. தப்புதான். நாலாவது நட்டை முழுசாக் கழட்டிறாதீங்க, அரைச் சுத்து போதும்.

— தப்புன்னு சொல்ற வாயிலேயே நட்டைப் பத்தியும் பேச உங்களாலதான் முடியும். தள்ளுங்க, ஜாக்கியை வைக்கிறேன்.

— மண்ணு பொதபொதன்னு இருக்கு. கீழ பலகை வைங்க.

— டிக்கியில பலகையெல்லாம் கிடையாது. இதைவிட மோசமான மண்ணுல தூக்கியிருக்கேன்.

— அப்ப ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில படுக்கப் போடுங்க.

— மாட்டப்போற டயரை எதுக்கு அடியில போடணும்?

— ஜாக்கி சரிஞ்சா வண்டி அது மேல உக்காரும். உங்க மேல உக்காராது.

— பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடச் சரிஞ்சதில்லை சம்பந்தி.

— பன்னெண்டு வருஷமும் அதுக்கு நேரம் வரலை. அவ்வளவுதான். நகருங்க, நானே தள்ளுறேன்.

— தள்ளுங்க. உங்க திருப்திக்கு. நான் தூக்குறேன். ஏறுது பாருங்க, அழகா ஏறுது. சக்கரம் தரையை விட்டுருச்சு. நட்டைக் கழட்டி சக்கர மூடியில போடுறேன், எண்ணிக்குங்க.

— நாலு. சரியா இருக்கு.

— சக்கரம் வந்துருச்சு. அப்படியே உருட்டி ஓரமா வைங்க. அந்த ஸ்டெப்னியை இழுக்கிறேன், எங்க, கையே எட்டலை...

— கையை எடுங்க! சரியுது, கையை எடுங்கம்மா!

— எடுத்துட்டேன்! எடுத்துட்டேன். ஒண்ணுமில்லை.

— காட்டுங்க.

— பத்து விரலும் இருக்கு சம்பந்தி.

— எண்ணிக் காட்டுங்க.

— என்ன விளையாட்டு இது?

— எண்ணுங்கன்னா எண்ணுங்க.

— ...எட்டு, ஒன்பது, பத்து. போதுமா? முதல்ல வண்டியைப் பாருங்க.

— வண்டி ஸ்டெப்னி மேலதான் உக்காந்திருக்கு. விளிம்புல லேசா நசுங்கல், வேற சேதாரம் இல்லை. இடைவெளி இருக்கு, ஜாக்கியைத் திரும்ப நுழைச்சிரலாம். தட்டைக்கல் ஒண்ணு அங்க பார்த்தேன், கொண்டாறேன்.

— கொண்டாங்க. இந்தத் தடவை நீங்க சொல்றபடி. கல்லு மேல ஜாக்கி. கழட்டின சக்கரம் அடியில போகட்டும், ஸ்டெப்னி வெளியில வரட்டும். சரியா?

— முதல்ல சக்கரத்தை உள்ளே தள்ளிட்டு அப்புறம் ஸ்டெப்னியை இழுக்கணும். கையால இல்லை. காலால தள்ளி, ஸ்பேனரால இழுக்கணும்.

— சரிங்க மேஸ்திரி. ஏறுது. ஆடலை. கல்லு மேல நல்லா நிக்குது. சம்பந்தி, இவ்வளவு பார்க்கிற ஆளு நீங்க. உங்களை நேராவே ஒண்ணு கேக்கிறேன்.

— கேளுங்க.

— உங்க பையன் தினம் போன் பண்றார். குடியை விட்டுட்டேன், இனி கையை ஓங்க மாட்டேன்னு சொல்றார். என் பொண்ணு நம்பிட்டா. எனக்கு மனசு ஒப்பலை. ஆனா, அவ வாழ்க்கையை நான் தடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்திரக் கூடாதேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்கேன். நீங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்கிறவர். அவர் மாறிட்டாரா?

— சக்கரத்தைக் கழட்டி வச்சுக்கிட்டுப் பேசக் கூடாது. மாட்டுங்க முதல்ல.

— மாட்டியாச்சு. பதில்?

— நட்டைக் கையாலேயே திருகுங்க. ஒண்ணு போட்டா அடுத்தது அதுக்கு எதிர்ல இருக்கிறதைப் போடுங்க. பக்கத்துல பக்கத்துல போட்டா சக்கரம் கோணிக்கும்.

— எனக்கு அது தெரியும்! இறக்கி விட்டு, தரையில நிக்கும்போது கடைசி முறுக்கு முறுக்கணும்னும் தெரியும். பாருங்க, அடியில கிடந்த சக்கரத்தை இழுத்துட்டு இறக்கிட்டேன். முறுக்கிட்டேன். கேட்டதுக்குத்தான் பதிலைக் காணோம். பையனை விட்டுக் குடுக்க மனசு வரலை. அப்படித்தானே?

— ஸ்பேனரை இப்படிக் குடுங்க. நான் ஒரு தடவை பார்த்துக்கிறேன்.

— நான் முறுக்கினதையா?

— நான் முறுக்கினாலும் இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லுவேன். ம்... நல்லா இறுக்கித்தான் இருக்கீங்க. கை பலமான கை.

— அடேயப்பா, உங்க வாயிலேருந்து ஒரு நல்ல வார்த்தை. அந்தப் பக்கத்துக் கல்லையும், முக்கோணத்தையும் எடுத்துட்டு வாங்க. கழட்டின சக்கரத்தை நான் டிக்கியில போடுறேன்.

— எடுத்தாச்சு. ரெண்டு கல்லையும் ரோட்டை விட்டுத் தள்ளியே போட்டேன். அடுத்தவன் ஏறி விழக் கூடாது.

— ஏறி உக்காருங்க. ஸ்டெப்னியில காத்து கொஞ்சம் கம்மி, மெதுவாத்தான் போகணும். மணி அஞ்சு பத்து. கால் மணி நேரத்துல பஸ் நிலையம். உங்க பஸ்ஸை விட மாட்டேன், கவலைப்படாதீங்க.

— பஸ் நிலையத்துக்கு வேண்டாம். வண்டியை உங்க வீட்டுக்கே திருப்புங்க.

— எதையாவது மறந்து வச்சுட்டீங்களா?

— சொல்ல வந்ததைச் சொல்லாமக் கிளம்பிட்டேன். காலையிலேருந்து நாக்கு வரைக்கும் வந்துச்சு. பாப்பா சிரிச்ச முகமா எதிர்ல வந்து நின்னா, முழுங்கிட்டேன்.

— என்ன சம்பந்தி? சொல்லுங்க. வண்டியைத் திருப்பறேன், சொல்லுங்க.

— முந்தாநாள் அவன் குடிச்சுட்டு வந்து அவங்க அம்மாவை அடிச்சான். பாப்பாவை அனுப்பாதீங்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு என் மகன் வந்து தட்டும்போது, கதவைத் திறக்கிற ஆளு நானா இருக்கணும்.