ஈறோரத்து விரிசல்

— போன்ல பேசித் தீராதுன்னுதான் உங்களை கிளினிக்குக்கே வரச் சொன்னேன், சாமுவேல். இந்தாங்க, உங்க லேப்ல செஞ்ச கேப். விளக்குக்கு நேராப் பிடிச்சுப் பாருங்க.

— விரிசல் இருக்குது, மேடம்.

— பல்லுல போட்டு முழுசா ரெண்டு மாசம் ஆகல. செராமிக்கை ஒழுங்கா சுடாம அனுப்பியிருக்கீங்க. டென்டிஸ்ட் குரூப்ல போடறதுக்கு டைப் பண்ணியே வச்சுட்டேன். காஞ்சிபுரத்து டாக்டருங்க அத்தனை பேரும் அதுல இருக்காங்க.

— அந்த மெசேஜ் குரூப்ல போச்சுன்னா நாளைக்கே லேபை இழுத்து மூடணும் மேடம். பதினோரு வருஷமா கட்டின பேரு. அஞ்சு நிமிஷம் குடுங்க. யாருக்குப் போட்ட கேப் இது?

— இதோ, சேர்ல படுத்துக்கினு இருக்காங்களே, சந்திரமதி அம்மா. திருப்பருத்திக்குன்றம். கேப்பை இப்பதான் கழட்டினேன்.

— வணக்கம்பா. நான் ஒண்ணு சொல்லணும்...

— அம்மா, நீங்க பேசாதீங்க. மருந்துப் பஞ்சு நகர்ந்துடும்.

— பாருங்க மேடம், சுடறதுல நான் பிசகியிருந்தா விரிசல் உள்ளேருந்து கிளம்பி கேப் முழுக்க ஓடும். இது ஈறு ஓரத்துல மட்டும் இருக்குது. வெளியேருந்து உள்ள போயிருக்குது. அந்த இடத்துல பளபளப்பும் போயிடுச்சு. இது பின்னாடி பட்ட சூடு.

— சுடச்சுட காபி குடிச்சிருப்பாங்க.

— காபிக்கெல்லாம் இப்படி ஆவாது. கேப் போட்டப்புறம் அந்தப் பக்கம் லேசர் வச்சீங்களா?

— வச்சேன். ஈறு வளர்ந்து கேப் மேல ஏறிடுச்சு. ரெண்டு வாரம் முன்னாடி லேசர் மிஷின் வந்தப்ப ஒதுக்கி விட்டேன். அதுக்கென்ன?

— மாசத்துல ஒரு நாள் சென்னையிலேருந்து வாடகைக்கு வருதே, அந்த மிஷினா? அதுல முனையிலேருந்து தண்ணி பீய்ச்சிக்கினே இருக்கணும். அதான் சூட்டை இழுத்துக்கும். அன்னைக்குத் தண்ணி ஓடிச்சா மேடம்?

— ஓடாம? என்ன கேள்வி இது?

— கோவிச்சுக்காதீங்க. தண்ணி இல்லாம செராமிக் மேல பட்டிருந்தா, அச்சு அசலா இப்படித்தான் இருக்கும்.

— பல்லு செய்யற நீங்க எனக்கு லேசர் சொல்லிக் குடுக்கிறீங்களா?

— டாக்டர்மா, இந்தப் பஞ்சை...

— இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்மா. வாயை மூடிக்கோங்க.

— மேடம், அவங்க ஏதோ சொல்ல வராங்க.

— வலிக்குதுன்னு சொல்ல வராங்க. உங்க கேப்பால வந்த வலி. போதும் சாமுவேல், நான் அனுப்பப் போறேன்.

— செய்யாத தப்புக்கு நான் எதுக்குத் தலை குனியணும்?

— குனிய வேணாம்பா. பஞ்சை எடுத்துட்டேன். அன்னைக்குத் தண்ணி ஓடல.

— அம்மா, ப்ளீஸ்.

— இரும்மா, சொல்லிடறேன். அன்னைக்கு சதுர்த்தசிப்பா. நாங்க ஜைனருங்க, எனக்கு உபவாசம், ஒரு சொட்டுத் தண்ணி தொண்டையில எறங்கக்கூடாது. இன்னொரு நாள் வரேன்னேன். இன்னைக்கு விட்டா அடுத்த மாசம்தான் மிஷின் வரும்னாங்க. அப்பதான் தண்ணியை நிறுத்திடுங்கன்னு நான் கெஞ்சினேன். பாவம், எம்மேல இரக்கப்பட்டு நிறுத்துச்சு இந்தப் பொண்ணு.

— சுடலையாம்மா உங்களுக்கு?

— சுட்டுது. சுட்டா கையைத் தூக்குங்கன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சாங்க. நான் தூக்கல. கேட்டு வாங்கிக்கினவ நானு, எந்த மூஞ்சியை வச்சுக்கினு தூக்கறது? இப்ப பல்லு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. அது என்னோட போவட்டும். உம்மேல பழி விழறதைக் கேட்டுக்கினு படுத்திருக்க எனக்கு முடியலப்பா.

— இந்த உதவியை மறக்க மாட்டேம்மா.

— டாக்டர்மாவையும் தப்பா நெனைக்காத. ஒரு நாளைக்கு எத்தினி வாயைப் பார்க்குது. யாருக்குத் தண்ணி ஓடிச்சு, யாருக்கு ஓடலைன்னு எங்க ஞாபகம் இருக்கும்? மறந்துபோயிருக்கும்.

— சரிம்மா. மேடம், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வேலை அதிகம், மறந்துட்டீங்க. அந்த மெசேஜை மட்டும் அழிச்சிடுங்க, எனக்கு அது போதும்.

— மறக்கல, சாமுவேல்.