வியாழக்கிழமைச் சைவம்

— ஒரு டிக் போடறதுக்கு இவ்வளவு நேரமா? காலையிலேருந்து அந்தக் காகிதத்தையே முறைச்சுப் பார்த்துட்டிருக்க.

— எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியலக்கா.

— இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? 'இறந்தவரின் உணவுப் பழக்கம்: சைவம், அசைவம்.' ஊருக்கே தெரிஞ்ச விஷயம். வாசல்லயே உன் மாமனார் போர்டு மாட்டியிருக்கார், புலால் மறுத்தோர் சங்கம்னு. தலைவர் அப்பா, செயலாளர் பிள்ளை. உறுப்பினர் யாருன்னுதான் எனக்கு இன்னும் பிடிபடல.

— மெதுவாப் பேசுங்க. மாமா உள்ள படுத்திருக்கார்.

— நான் எப்பம்மா சத்தமாப் பேசினேன்? இந்தா, கூடையை இப்படி வெச்சுக்கறேன். பட்டாணி உரிச்சிட்டே யோசி, கை ஓடினா மனசும் ஓடும்.

— இன்னிக்குப் பட்டாணி வேண்டாம்.

— சரி, எனக்கென்ன. பேனாவைக் கொடு, நானே போட்டுடறேன்.

— வேண்டாம். ஃபாக்டரி விசாரணைக்காரர் விவரமாச் சொல்லிட்டுத்தான் போனார். சைவம்னு போட்டா, கேன்டீன் டின் கறிக்கும் இவர் செத்ததுக்கும் சம்பந்தமில்லன்னு எழுதி முடிச்சிடுவாங்க. வேலைக் களைப்பு, மாரடைப்பு, அவ்வளவுதான். அசைவம்னு போட்டா கேன்டீனைப் பூட்டி, மிச்சமிருக்கிற டின்னையெல்லாம் சோதனைக்கு அனுப்புவாங்க.

— கறி சாப்பிட்டு விழுந்த அந்த அஞ்சு பேர்?

— கெட்டுப்போன கறி விஷத்துக்கு மாத்து மருந்து போட்டதுல எழுந்து உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு வயிறு சரியில்லன்னு சொல்லிச் சமாளிச்சிடலாம். செத்தவர் சாப்பிட்டிருந்தாத்தான் சமாளிக்க முடியாது.

— அவர்தான் சாப்பிடலையே. கருமாதியன்னிக்கு உன் மாமனார் நெஞ்சுல அடிச்சுட்டுச் சொன்னாரே, என் பிள்ளை ஒரு முட்டையைக்கூட முகர்ந்து பார்த்ததில்லன்னு. நான் கேட்டுட்டு நின்னேன். என்னம்மா, தலையைக் குனியற?

— வாரத்துல ஒரு நாள் மட்டும் சாப்பிடறவங்களை என்னன்னு சொல்றது, அக்கா?

— அடேயப்பா. அதுக்கு ஒரே பேரா இருக்கு? என் வீட்டுக்காரர் முட்டையைத் தொட மாட்டார், கேக்குக்குள்ள ஒளிஞ்சிருந்தா மட்டும் மன்னிச்சிடுவார். அவர் கண்ணுக்குத் தெரியாத சைவம். என் நாத்தனார் சூப்பைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பா, அடியில கிடக்கிற துண்டை மட்டும் பக்தியா ஓரத்துல ஒதுக்குவா. சூப்புச் சைவம். மூத்த மாப்பிள்ளை மீனைக் காய்கறியில சேர்த்துட்டார். அப்புறம் மாடி வீட்டு டீச்சர். அவ பையில முட்டை இருந்ததை நான் ஒரே ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்.

— அந்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டுப் போனாங்க.

— மேல தண்ணி ஏறலன்னு போனதாக் கேள்வி.

— மாமாதான் வீட்டு ஓனர்கிட்ட போய் நின்னார். அன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சிருந்துச்சு.

— அது கிடக்கட்டும். வாரத்துல ஒரு நாள்னியே. உன் வீட்டுக்காரரா?

— வியாழக்கிழமை. கேன்டீன்ல அன்னிக்குத்தான் கறி போடுவாங்க. சைவத்துல பேர் கொடுத்துட்டு, வேற யார் டோக்கன்லயோ வாங்கிச் சாப்பிடுவார்.

— அவரே சொன்னாரா உன்கிட்ட?

— ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. வியாழக்கிழமை மட்டும் கிராம்பு மென்னுட்டு வருவார். வந்ததும் டப்பாவை அவரே கழுவிக் கவுத்து வெப்பார். மத்த நாள்ல குடிச்ச டம்ளரைக்கூட நகர்த்த மாட்டார்.

— நீ கேக்கலையா? நானா இருந்தா அன்னிக்கே உலுக்கி எடுத்திருப்பேன்.

— கேக்கல. வியாழக்கிழமை டப்பால பாதிச் சாப்பாடுதான் வெப்பேன். கீழ கொட்ட அவருக்கு மனசு வராதுன்னு தெரியும். பத்து வருஷமா அப்படித்தான்.

— ஏன் பாதின்னு அவர் கேட்டிருப்பாரே.

— கேட்டதே இல்லக்கா.

— ம். நல்லா இருந்திருக்கீங்க ரெண்டு பேரும். சுவரோட சுவரா இருந்துட்டு எனக்கே தெரியல பாரு.

— அந்தப் பேனாவைக் கொடுங்க. இந்தாங்க. அசைவம். போட்டாச்சு.

— மாமனார் காதுக்குப் போனா என்னாகும்னு யோசிச்சியா?

— போகட்டும். நீங்க இருக்கீங்களே.

— என்னை ஏன் இழுக்கற? நான் கேக்கறேன்னு தப்பா நினைக்காத. அந்த அஞ்சு பேரை வண்டியில ஏத்தினப்ப இவர் ஏன் ஏறல?

— கறி வாங்கினவங்க பட்டியல்ல இவர் பேர் இல்ல. கண்ணுக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு சொல்லியிருக்கார். இமை தானா மூடுதாம். ஃபாக்டரி டாக்டர் கேட்டிருக்கார், கறி சாப்பிட்டியான்னு. பக்கத்துலயே மாமாவோட சங்கத்து ஆள் ஒருத்தர், தோளைப் பிடிச்சுட்டு நின்னிருக்கார். இல்லைன்னுட்டார்.

— அந்த டாக்டருக்கு எங்க போச்சு புத்தி?

— அவர் நம்பல. அதனாலதான் வீட்டுக்குப் போன் பண்ணினார். உங்க வீட்டுக்காரர் எப்பவாவது, யாருக்கும் தெரியாமலாவது இறைச்சி சாப்பிடுவாரா, மறைக்காமச் சொல்லுங்கன்னு கேட்டார். சொல்லியிருந்தா உடனே மருந்து போட்டிருப்பாங்க.

— நீ என்ன சொன்ன?

— இல்லைங்க, கிடையவே கிடையாதுன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்னு அங்கயே ஒரு கட்டில்ல படுக்க வெச்சிருக்காங்க. வேலை முடியற சங்கு ஊதி எல்லாரும் கிளம்பினப்ப மூச்சு இல்ல.

— தெரிஞ்சிருந்தும் இல்லைன்னியா? பாவி. மாமனார் பக்கத்துல நின்னுட்டிருந்தாரா?

— அவர் சங்கத்துக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வீட்டுலயே இல்ல.

— அப்புறம் யாருக்கும்மா பயந்த?

— இதே நாற்காலியிலதான் உக்காந்திருந்தீங்க. போனை எடுத்ததும் பட்டாணி உரிக்கறதை நிறுத்திட்டு என் வாயையே பார்த்தீங்க. வெச்சதும் யாரு, என்ன கேட்டாங்கன்னு கேட்டீங்க. தப்பான நம்பர்னு சொன்னேன், ஞாபகம் இருக்காக்கா?